ஓரறிவு உயிரின் பசி

மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் நிற்கும் நெற்பயிர் உடனே வாடிவிடுவதில்லை. தழைச்சத்துக் குறைவில் இலை வெளிறி ஊருக்கே தெரிந்துவிடும். இதில் அப்படியும் நடப்பதில்லை. பயிர் குட்டையாகிறது, தூர் கட்டுவது குறைகிறது, இலைகள் குறுகி விறைத்து நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் பச்சை வழக்கத்தைவிடக் கருத்திருக்கும். சில ரகங்களில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் ஊதாவோ செம்பழுப்போ ஏறும். வரப்பில் நின்று பார்த்தால் வயல் செழிப்பாக இருப்பதுபோலக்கூடத் தோன்றும். ஆனால் எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எந்த இலையிலிருந்து எடுத்து எந்தக் குருத்துக்குக் கொடுப்பது என்று பயிரின் வளர்சிதைமாற்றம் முழுவதுமே உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கும். கடந்த நாற்பது ஆண்டுகளில் தாவர உயிர்வேதியியல் இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. சமணரும் பௌத்தரும் சைவரும் தமிழ் மண்ணில் பல நூற்றாண்டுகள் வாதிட்ட ஒரு கேள்விக்கு அதனால் புதிய சான்று கிடைத்திருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் அறிவு உண்டா, உண்டென்றால் அது எத்தகைய அறிவு என்பதே அந்தக் கேள்வி.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைக்கிறது. அவற்றுக்கு உள்ளது உற்றறிதல் ஒன்றே, அதாவது தொடு உணர்வு. சமணத்தின் ஏகேந்திரிய சீவன் என்ற வகையும் இதுவே. எஸ். வையாபுரிப் பிள்ளை தொல்காப்பியரைச் சமணர் என்று கருதியதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம். சமணக் கொள்கை இன்னும் நுட்பமாகப் போகிறது. ஏகேந்திரிய உயிருக்கு மனம் கிடையாது. ஆனால் தொடுபொறி, உடல் வலிமை, ஆயுள், மூச்சு என்ற நான்கு பிராணன்கள் உண்டு. உணவு, அச்சம், புணர்ச்சி, உடைமை ஆகிய நான்கையும் பற்றிய சஞ்ஞைகள் என்னும் அடிப்படை உந்துதல்களும் உண்டு. மனம் இல்லாமலே உணவை நாடும் ஓர் அறிவு இருக்க முடியும் என்று சமணர் ஒப்புக்கொண்டது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த வாதத்துக்கு உறுதியான ஓரிடம் இருந்தது. காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்பருத்திக்குன்றம் சமணரின் சினகாஞ்சி. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் அங்கே சங்கீத மண்டபம் கட்டினார். கோயிலின் குரா மரம் இன்றும் போற்றப்படுகிறது. பௌத்தரை எதிர்த்து எழுந்த தமிழ் வாத நூலான நீலகேசிக்கு 'சமய திவாகரம்' என்ற உரை எழுதிய வாமன முனிவரை இந்த ஊரோடு தொடர்புபடுத்துவர். மரத்துக்கு உயிர் உண்டா என்பது அந்த நூலின் வாதப்பொருள்களில் ஒன்று.

பௌத்தரின் மறுப்பைத் தர்க்கத்தின் கூர்மையோடு சொன்னவர் தர்மகீர்த்தி. மாமல்லபுரத்துப் பாறைகள் செதுக்கப்பட்ட ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராக அவரைக் கொள்வது வழக்கம். பட்டையை முழுக்க உரித்தால் மரம் சாகிறது, எனவே அதற்கு உணர்வு உண்டு என்பது சமணர் காட்டிய ஏது (காரணம்). 'நியாயபிந்து'வில் தர்மகீர்த்தி அதை அசித்தம், அதாவது நிறுவப்படாதது, என்று தள்ளுகிறார். பௌத்தர் கொள்கைப்படி சாவு என்பது விஞ்ஞானம் எனும் உணர்வும் பொறிகளும் ஆயுளும் அடங்குவது. மரத்துக்கு அப்படிப்பட்ட சாவு உண்டு என்று சொல்வதே நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டி எடுத்துக்கொள்வதாகும். மரங்கள் உறங்குகின்றன என்ற ஏதுவும் நிற்கவில்லை. இரவில் இலை மூடுவது சில மரங்களே. எல்லா மரங்களும் அல்ல.

இந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். பாஸ்பரஸ் குறைந்த பயிர் 'பட்டினி கிடக்கிறது', 'தேர்ந்தெடுக்கிறது', 'சேமிக்கிறது' என்றுதான் ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுகின்றன. சொல்லிலேயே முடிவைப் புகுத்திவிட்டால் சோதனைக்கு வேலையில்லை. ஆகவே முதலில் நடப்பதை நடக்கிறபடி பார்க்க வேண்டும்.

மரபணுப் பொருளான டிஎன்ஏ, புரதம் செய்ய உதவும் ஆர்என்ஏ, கலச்சவ்வின் பாஸ்போலிப்பிட், ஆற்றல் நாணயமான ஏடிபி ஆகிய நான்கிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. சவ்வில் ஓரளவு தவிர, வேறு தனிமம் எதுவும் அந்த இடத்தில் நிற்காது. மண்ணில் பாஸ்பரஸ் இல்லாமல் போவது அரிது. கைக்கு எட்டாமல் போவதே வழக்கம். செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டைவிட வேரின் கலத்துக்குள் இருக்க வேண்டிய அளவு ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒவ்வொரு அயனையும் ஆற்றல் செலவழித்துத்தான் உள்ளே இழுக்க வேண்டும்.

வரத்து குறைந்ததும் பயிர் முதலில் கிடங்கைத் திறக்கிறது. கலத்தின் வெற்றிடப்பையில் சேர்ந்திருந்த பாஸ்பேட் வெளிவருகிறது. பிறகு முதிர்ந்த இலைகளின் ரைபோசோம் ஆர்என்ஏ உடைக்கப்பட்டு, அதிலுள்ள பாஸ்பேட் இளங்குருத்துக்கும் வேர்முனைக்கும் போகிறது. அடியிலை காய்வதும் நுனியிலை பச்சையாக இருப்பதும் இதனால்தான். அடுத்து சவ்வுகளே மாற்றிக் கட்டப்படுகின்றன. பாஸ்போலிப்பிட் பிரிக்கப்பட்டு, அதன் இடத்தில் கந்தகம் கொண்ட சல்ஃபோலிப்பிட்டும் சர்க்கரை கொண்ட கேலக்டோலிப்பிட்டும் வைக்கப்படுகின்றன. சவ்வின் தடிமனும் மின்னேற்றமும் பெரிதும் குலையாதபடி இந்த மாற்றீடு நடக்கிறது. உயிரின் சுவரைக் கழற்றி, உயிர் போகாமலே வேறு கல்லால் கட்டும் இந்த வேலை தாவரவியல் காட்டியவற்றுள் வியப்புக்குரியது.

இதைவிட ஆழமானது சர்க்கரைச் சிதைவில் நடக்கும் மாற்றம். சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழக்கமான பாதையில் சில படிகளுக்கு ஏடிபி (ATP) வேண்டும், சிலவற்றுக்கு அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்ற ஏடிபி (ADP) வேண்டும், ஒரு படிக்குப் பாஸ்பேட்டே நேரடியாக வேண்டும். மூன்றும் தீர்ந்துவரும்போது பாதை அடைபட வேண்டும், ஆனால் அடைபடுவதில்லை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிளாக்ஸ்டனும் குழுவினரும் கருங்கடுகுக் கலங்களைத் திரவத்தில் வளர்த்து, பாஸ்பேட்டை நிறுத்திப் பார்த்து, 1989-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடைபடக்கூடிய படிகளைச் சுற்றிப்போகும் மாற்று நொதிகள் அந்தக் கலங்களில் பல மடங்கு பெருகியிருந்தன. ஏடிபி (ATP) வேண்டிய இடத்தில் ஒரு நொதி பைரோபாஸ்பேட்டைப் பயன்படுத்துகிறது. புரதமும் நியூக்ளிக் அமிலமும் கட்டப்படும்போது துணைவிளைவாக வருவது இந்தப் பைரோபாஸ்பேட். பஞ்சத்திலும் அதன் அளவு அதிகம் குறைவதில்லை. பாஸ்பேட் வேண்டிய படியை, அது தேவைப்படாத இன்னொரு நொதி செய்கிறது. ஏடிபி (ADP) வேண்டிய மற்றொரு படியைத் தவிர்க்கும் சுற்றுவழி ஒன்று, போகிற போக்கில் பாஸ்பேட்டை விடுவித்துக்கொண்டு மாலிக் அமிலத்தைத் தருகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலும் ஒரு மாற்று நொதி ஏடிபி (ATP) உற்பத்தியோடு கட்டுண்ணாமல் மூச்சை ஓடவிடுகிறது. இதற்கு விலை உண்டு: ஒவ்வொரு சர்க்கரைக்கும் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பயிர் ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சுற்றுவழியில் கிடைத்த மாலிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் வீணாவதில்லை. பல செடிகளில் அவை வேர் வழியாக மண்ணில் கசிந்து, இரும்பும் கால்சியமும் பிடித்து வைத்திருக்கும் பாஸ்பேட்டை இளக்குகின்றன. இதற்கு இந்தியாவிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், துவரை வேர் பிசிடிக் அமிலத்தைக் கசியவிட்டு இரும்போடு கட்டுண்ட பாஸ்பேட்டை எடுத்துக்கொள்வதை 1990-இல் காட்டினார்கள். செம்மண்ணில் துவரையோடு ஊடுபயிர் செய்வதிலும், துவரைக்குப் பின் வேறு பயிர் போடுவதிலும் இருக்கும் நன்மைக்கு இது ஒரு விளக்கம். நெல்லிலும் இத்தகைய ஆற்றல் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. இந்திய ரகமான கசலாத்தில் பாஸ்பரஸ் குறைவைத் தாங்க உதவும் பிஸ்டால்-1 என்ற மரபணுவை 2012-இல் அடையாளம் கண்டார்கள். இளம்பயிரின் வேரை அது பெருக்குகிறது. குறைவைத் தாங்காத நவீன ரகங்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. உரம் நிறைந்த ஆய்வுத்திடலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நெல்லுக்கு அந்த ஆற்றலை இழந்தது தெரியவே வாய்ப்பில்லை. வேருக்குள் குடியேறும் பூஞ்சையை வரவழைக்கும் வேதிப்பொருளையும் பஞ்சத்தில் பல பயிர்கள் கூடுதலாகக் கசியவிடுகின்றன. சர்க்கரை கொடுத்து பாஸ்பேட் வாங்கும் பழைய கூட்டு இது.

குறைவு பயிருக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு இப்போது இரண்டு விடைகள் உண்டு. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2007-இல், கடுகுக் குடும்பத்து அரபிடோப்சிஸ் செடியின் வேர்முனை பாஸ்பேட் குறைந்த ஊடகத்தைத் தொட்ட மாத்திரத்தில் முதல் வேரின் நீட்சி நிற்கிறது என்று காட்டினார்கள். மற்ற வேர்ப்பகுதிகளுக்குப் பாஸ்பேட் தாராளமாகக் கிடைத்தாலும் முனை தொட்டது போதும். உற்றறிவது ஒன்றே இதன் அறிவு என்ற பழைய வகைப்பாட்டோடு இது நெருங்கி வருவதைக் கவனிக்கலாம். இங்கே தொடுவது அழுத்தம் சார்ந்ததல்ல, வேதி சார்ந்தது என்ற வேறுபாட்டோடு. இரண்டாவது விடை உள்ளிருப்பைப் பற்றியது. கலத்துக்குள் பாஸ்பேட் போதுமான அளவு இருக்கும்போது உருவாகும் இனோசிட்டால் பைரோபாஸ்பேட் மூலக்கூறுகள் எஸ்பிஎக்ஸ் என்ற புரதப்பகுதியில் வந்து ஒட்டுகின்றன. இது 2016-இல் தெளிவானது. அவை ஒட்டியிருக்கும்வரை பஞ்ச மரபணுக்களின் பூட்டு திறப்பதில்லை. இருப்பு குறைந்தால் பூட்டு திறக்கும். தண்டில் உருவாகும் ஒரு குட்டி ஆர்என்ஏ பட்டைக்குழாய் வழியே வேருக்கு இறங்கி, உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் தடையை நீக்குகிறது. வெளியே என்ன இருக்கிறது என்பது மட்டுமன்றித் தனக்குள் எவ்வளவு மிச்சம் என்பதும் பயிரின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பியத்தின் உற்றறிவைவிடச் சமணரின் உணவுச் சஞ்ஞையே இதற்குப் பொருத்தம்.

இதை அறிவு என்று சொல்லலாமா? வெறும் எதிர்வினை போதுமான சான்றல்ல. ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தாவரத்தின் மின்துலங்கலைக் காட்டியபோது, உலோகமும் அதேபோலத் துலங்குவதாகக் காட்டினார். துலங்குவதே அறிவுக்கு அடையாளமானால் தகரமும் ஓரறிவு உயிராகிவிடும். 2007-இல் 36 தாவர அறிவியலாளர்கள் 'தாவர நரம்பியல்' என்ற பெயரையே மறுத்து எழுதினார்கள். நரம்பில்லாததற்கு நரம்பின் பெயரைச் சூட்டுவதால் எதுவும் விளங்காது என்பது அவர்கள் வாதம், அது நியாயமானதும்கூட. சைவ சித்தாந்தத்தில் இதற்கு வேறொரு வழி உண்டு. மெய்கண்டார் மரபில் உயிர் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறியும். கருவி எவ்வளவோ அவ்வளவே விளக்கம். தாவர உடலில் கருவி மிகக் குறைவு, ஆகவே விளக்கமும் மிகக் குறைவு. கொள்கையளவில் இது முரண்பாடற்றது. ஆனால் அந்த உயிர் இருக்கிறதா என்ற பௌத்தரின் கேள்விக்கு அது விடையாகாது.

வாதத்தை நகர்த்தக்கூடிய சான்று வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. பாஸ்பைட் என்ற பொருள் பாஸ்பேட்டுக்கு ஓர் ஆக்சிஜன் அணு குறைந்த உறவு. பூஞ்சைக்கொல்லியாகக் கடைகளில் விற்பனையாவது. தாவரத்தால் அதை உணவாக்க முடியாது. ஆனால் அது உள்ளே வந்ததும் பாஸ்பேட் வந்துவிட்டதாகவே பயிரின் உணர்முறை கொள்கிறது. பிளாக்ஸ்டன் குழு 1996-இல் கருங்கடுகு நாற்றுகளில் இதைக் காட்டியது: பாஸ்பைட் கொடுத்ததும் பஞ்சக்கால நொதிகள் பெருகுவது தடைபட்டது, வேர் தேடலும் குலைந்தது. பஞ்சம் நீங்கவில்லை, பஞ்சத்துக்கான ஏற்பாடுகள் மட்டும் நின்றன. பாஸ்பேட் குறைந்த செடிக்குப் பாஸ்பைட் அதனாலேயே நஞ்சாகிறது.

இந்திய அளவையியல் பிழையை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தது. கயிற்றைப் பாம்பென்றும் சிப்பியை வெள்ளியென்றும் கொள்ளும் திரிவு எப்படி நிகழ்கிறது என்று நையாயிகரும் மீமாம்சகரும் பௌத்தரும் தனித்தனிக் கோட்பாடு கட்டினார்கள். அறிவுள்ள இடத்தில்தான் திரிவு உண்டாகும் என்பது அவர்களுக்குப் பொது. உப்பு நீரில் கரைவதில் சரி தவறு கிடையாது. பாஸ்பைட்டைப் பாஸ்பேட்டாகக் கொள்ளும் நாற்றிடம் தவறு இருக்கிறது. எந்திரமும் இப்படித் தவறுமே என்ற தடை உடனே எழும்: ஃபிரிட்ஜின் வெப்பக் கருவிக்குப் பக்கத்தில் சூடான பாத்திரத்தை வைத்தால் அதுவும் ஏமாறும். வேறுபாடு இழப்பு யாருக்கு என்பதில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஏமாந்தால் நட்டம் வீட்டுக்காரருக்கு. ஃபிரிட்ஜுக்கு நட்டமென்று ஒன்று இல்லை. நாற்று ஏமாந்தால் நட்டம் நாற்றுக்கு. தவறியது எதுவோ அதுவே அழிகிறது. தனக்கென்று நன்மை தீமை உடையதும், அவற்றைப் பற்றித் தவறக்கூடியதுமான ஒன்றை வெறும் சடம் என்று சொல்வது இயலாது. தர்மகீர்த்தியின் தடையும் இங்கே பொருந்தாது. சாவு, உறக்கம் என்ற ஐயத்துக்குரிய சொல் எதையும் இந்த ஏது கடன் வாங்கவில்லை.

இது நிறுவுவது எதுவரை என்பதையும் சொல்ல வேண்டும். நாற்றுக்கு வலிக்கிறது என்பதை இது காட்டவில்லை. தனக்குத் தவறிவிட்டது என்று அதற்குத் தெரியும் என்பதையும் காட்டவில்லை. தன் பிழையைத் தானே காண மனம் வேண்டும், சமணரும் அதை ஏகேந்திரியத்துக்குக் கொடுக்கவில்லை. மனமற்ற அறிவு என்ற நடுநிலை வகையை முழுமையாக வகுத்து வைத்திருந்த தத்துவம் சமணமே என்பதால், இன்றைய சான்றுக்கு மிக நெருங்கி நிற்பதும் அதுவே. இதன் விளைவுகளையும் சமணர் தயங்காமல் ஏற்றார்கள். பாஸ்பேட் குறைந்தால் பாக்டீரியாவும் தன் நொதிகளை மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நிகோத உயிர்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன, அவையும் ஏகேந்திரியமே என்ற கொள்கையில் அதற்கும் இடமிருக்கிறது.

பயிரின் இந்த ஒடுக்கத்தைத் தவம் என்று புகழ்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்துப் பெரும்புடைப்புச் சிற்பத்தின் முன் நின்றால் அந்தப் புகழ்ச்சி பொருந்தாதது தெரியும். ஒற்றைக்காலில், கைகளை உயர்த்தி, விலா எலும்பு எண்ணும்படி ஒட்டிய வயிற்றோடு சிவன் முன் நிற்கிறார் தவசி. அவரை அர்ச்சுனன் என்பாரும் பகீரதன் என்பாரும் உண்டு. அதே பாறையில் சற்றுக் கீழே ஒரு பூனை, அதே கோலத்தில் முன்கால்களைத் தூக்கி நிற்கிறது; சுற்றிலும் எலிகள். உடலின் தோற்றம் தவத்துக்குச் சான்றல்ல என்பதைப் பல்லவச் சிற்பி இரண்டே உருவங்களில் செதுக்கிவிட்டார். பயன் கருதுவதும் இருவரையும் பிரிக்காது, அர்ச்சுனன் கேட்டதும் ஓர் அத்திரத்தைத்தான். உண்ண முடிந்தும் உண்ணாமல் நிற்பது தவம். பயிருக்கு அந்த இரண்டாம் வழி இல்லை. பாஸ்பேட் திரும்பக் கிடைத்ததும் பஞ்ச மரபணுக்கள் அடங்கி, உறிஞ்சியது வெற்றிடப்பையில் மிகையாகவும் சேர்கிறது. விரதம் மனமுள்ள ஐம்பொறி உயிருக்கே சாத்தியம் என்று சமணர் வரையறுத்தது இந்த இடத்தில் சரியாகவே இருக்கிறது. பயிர் தவசியுமல்ல, பூனையுமல்ல. அது பசித்திருக்கும் ஓர் உயிர், அவ்வளவே.

அப்படியானால் அதை அறுத்து உண்பவரின் கடமை என்ன? வடலூரில் 1867-இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. சீவகாருண்ய ஒழுக்கத்தில், நெல்லும் புல்லும் உயிர்தானே, அவற்றை உண்பது இம்சையாகாதா என்ற தடையை அவரே எழுப்புகிறார். அவை பரிச உணர்வு ஒன்றே உடையவை, மனம் முதலிய கரணங்கள் அவற்றில் விரியவில்லை, வித்தும் காயும் கனியும் எடுப்பது நகமும் உரோமமும் எடுப்பது போன்றது என்பது அவர் விடை. வலி பற்றிய அளவில் இந்த விடைக்கு எதிராக உயிர்வேதியியல் எதுவும் சொல்லவில்லை. நகத்தோடு ஒப்பிட்டதில்தான் குறை இருக்கிறது. நகம் உடலுக்கு வேண்டாதது. நெல்மணியோ பயிர் தன் இலையிலும் தண்டிலும் இருந்த பாஸ்பரஸில் பெரும்பகுதியைத் திரட்டி ஃபைட்டேட் உப்பாகப் பூட்டி வைக்கும் இடம், நாளைய முளை வேர்விடும்வரை உண்ணும் கையிருப்பு. களத்துமேட்டிலிருந்து மூட்டை வண்டியேறும்போது அந்த வயலின் மணிச்சத்தும் சேர்ந்தே ஏறுகிறது. வயலில் மிஞ்சும் வைக்கோலில் அது சொற்பம்.

ஆகவே தாவர உணவில் எழும் அறக்கேள்வி, உண்ணலாமா என்பதைவிட எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தோமா என்பதாகவே இருக்க வேண்டும். பௌத்த விநயம் இதற்கு ஒரு முன்மாதிரி. தாவர உணர்வை ஏற்காத சங்கமும், மரத்தில் உயிர் உண்டென்று மக்கள் எண்ணுகிறார்கள் என்பதற்காகப் பிக்குகள் செடிகொடிகளை அழிக்கக் கூடாதென விதித்தது. தத்துவ வழக்கு தீர்வதற்குக் காத்திராமலே கடமையை வகுக்கலாம் என்பது அந்த விதியின் வலிமை.

மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலில் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பறவைகள் செய்துவந்தன. சுற்றுப்புற ஏரிகளில் மீன் பிடித்து உண்ட நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் ஏரியின் கடம்ப மரங்களில் கூடு கட்டி, எச்சத்தை நீரில் இடுகின்றன. பாஸ்பேட்டும் நைட்ரஜனும் ஏறிய அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. அந்த நீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறைவு என்பதை ஊரார் வேதியியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. இதில் தன்னலமும் உண்டு, உயிர்ப்பற்றும் உண்டு. இரண்டையும் பிரித்து எடுக்க வேண்டிய தேவை அந்த ஊருக்கு நேரவில்லை. இன்றைய வயல்களில் அந்தச் சுற்று பெரும்பாலும் அறுந்திருக்கிறது. மணியோடு போன பாஸ்பரஸ் நகரத்துச் சாக்கடை வழியே கடலுக்குப் போகிறது. அதன் இடத்தை நிரப்பும் டிஏபி உரத்துக்கான மூலப்பொருளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பாறைகளிலிருந்து கப்பலில் வருகிறது.